பூஜை அறையில் மணம் கமழட்டும், புகை மண்ட வேண்டாம்

வெள்ளிக்கிழமை சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் சேலம் அம்மாபேட்டைத் தெருக்களில் நடந்து பாருங்கள். எந்தெந்த வீட்டில் பூஜை ஆகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. மூக்கே சொல்லிவிடும். ஒரு வீட்டிலிருந்து சாம்பிராணி, அடுத்த வீட்டிலிருந்து மல்லிகை ஊதுவத்தி, எதிர் வீட்டிலிருந்து சூடம். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வேப்பிலையும் மஞ்சளும் பூவும் தூபமுமாகத் தெருவே கோயிலாகிவிடும்.

இந்த வாசனைக்கெல்லாம் பொறுப்பு பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான். மளிகைச் சீட்டில் பருப்பு, புளி எழுதும்போதே சூடம், சாம்பிராணி, ஊதுவத்தி என்றும் எழுதிவிடுகிறோம். பருப்பில் கல் இருக்கிறதா, புளி புதுசா பழசா என்று பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆனால் இந்தச் சூடமும் சாம்பிராணியும் எங்கே விளைகிறது, எதில் செய்கிறார்கள், அதன் புகை வீட்டிலுள்ள சின்னதையும் பெரியதையும் என்ன செய்யும் என்று மட்டும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது. கைக்குழந்தை ஒரு பக்கம். ஆயுசு முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து பஞ்சுத் தூசியைக் குடித்து, இழுப்பு நோயோடு இருக்கும் மாமனார் ஒரு பக்கம். எது தவறினாலும் வெள்ளிக்கிழமை தூபம் தவறக் கூடாது என்கிற மாமியார் இன்னொரு பக்கம். நடுவில் நான். அப்போது படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து உபசாரத்தில் மூன்று வாசனை

சாமிக்குச் செய்யும் உபசாரம் 16 என்பார்கள். அத்தனையும் செய்ய முடியாதவர்களுக்காகப் பெரியவர்கள் அதை ஐந்தாகச் சுருக்கியும் வைத்திருக்கிறார்கள். சந்தனம், புஷ்பம், தூபம், தீபம், நைவேத்தியம். இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் மூன்றுமே வாசனை! அந்த மூன்றில் புகைவது தூபம் ஒன்றுதான். சந்தனமும் பூவும் புகையாமலே மணக்கும்.

கோயில்களிலும் அப்படித்தான். சிவன் கோயில் அபிஷேகத்தில் சந்தனமும் பன்னீரும் முக்கியம். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் துளசியும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் மணக்கும். திருப்பதிப் பெருமாளின் மோவாயில் பச்சைக் கற்பூரம் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாகூர் தர்காவில் கந்தூரி விழாவின்போது சந்தனக்கூடு ஊர்வலமாக வருகிறது. சமாதியில் சந்தனம் பூசுகிறார்கள். மாதா கோயில்களில் விசேஷ பூசைகளில் தூபக் கலசத்தைச் சங்கிலியில் ஆட்டிக் காட்டுகிறார்கள். மதம் வேறானாலும், சாமி இருக்கிற இடம் மணக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனசு.

ஆகவே வாசனையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எந்த வாசனை, எவ்வளவு, எந்த இடத்தில் என்பதுதான் பேச்சு.

சாம்பிராணி வந்த வழி

சாம்பிராணி நம் ஊர்ச் சரக்கு என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது கடல் கடந்து வந்தது. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு மலைகளில் வளரும் ஒருவகை மரத்தின் பிசின் அது. மரப்பட்டையைக் கீறிவிட்டால் பால் மாதிரி கசிந்து, சில மாதங்களில் கட்டிப்படும். அதைச் சுரண்டி எடுத்து, தரம் பிரித்து அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் முன்பு காயத்துக்குத் தடவுவார்களே 'டிங்சர் பென்சாயின்', அதுவும் இந்தப் பிசின்தான்.

இந்த வியாபாரத்தில் நம் தமிழ் வணிகர்களுக்குப் பழைய பங்கு உண்டு. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஒரு ஊர். கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் அந்தக் காலத்தில் பேர்போன துறைமுகம். அதன் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1873-ஆம் வருஷம் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 1088-ஆம் வருஷத்துக் கல்வெட்டு அது. ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் வெட்டி வைத்தது. சோழர் காலத்திலேயே நம்மவர்கள் அந்தக் கரையில் கூடி வியாபாரம் பேசியிருக்கிறார்கள்! அந்த ஊர்ப் பெயர் இன்றைக்கும் அங்கே கற்பூரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தோனேசிய மொழியில் 'காப்பூர் பாருஸ்' என்றால் கற்பூரம்.

குங்கிலியமும் மரப்பிசின்தான். ஆனால் அது நம் நாட்டு மரங்களிலிருந்தே கிடைப்பது. வெள்ளைக் குங்கிலியம், கருங்குங்கிலியம் என்று வெவ்வேறு மரத்துப் பிசின்கள் உண்டு. குங்கிலியம் என்றதும் குங்கிலியக் கலய நாயனார் ஞாபகத்துக்கு வருவார். திருக்கடவூரில் சிவனுக்குக் குங்கிலியத் தூபம் இடுவதையே தொண்டாகக் கொண்டவர். வீட்டில் வறுமை முற்றி, நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி தாலியைக் கழற்றிக் கொடுக்கிறார். வழியில் குங்கிலிய மூட்டையைப் பார்த்தவர் அதைக் கொடுத்து மூட்டையை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார். பெரியபுராணத்துக் கதை இது. சாமி அந்த வீட்டை நெல்லும் பொன்னுமாக நிறைத்தார் என்று முடியும். நாயனாரின் பக்தி பெரிதுதான். ஆனாலும் இந்தக் கதை கேட்கிறபோதெல்லாம், தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பசித்த பிள்ளைகளோடு வாசலைப் பார்த்துக் காத்திருந்த அந்த அம்மாவைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் அந்தக் குங்கிலியத்தை இட்டது கோயிலில்.

கோயில் கூரையும் நம் வீட்டுக் கூரையும்

கோயில் மண்டபம் எவ்வளவு உயரம்! நாலு பக்கமும் காற்று. பிராகாரம், வெளி வாசல், திறந்த முற்றம். அங்கே போடுகிற தூபம் மேலே எழும்பிக் கலைந்து போகும். வெளிநாட்டிலும் பாருங்கள். ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்ற ஊரின் பெரிய தேவாலயத்தில் 53 கிலோ எடையுள்ள தூபக் கலசம் ஒன்று உண்டு. அதைக் கயிற்றில் தொங்கவிட்டு எட்டு ஆட்கள் இழுத்து ஆட்டுவார்கள். ஊஞ்சல் மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும். கூரை அவ்வளவு உயரமாக இருப்பதால் அது சரிப்படுகிறது.

நம் வீட்டு பூஜை இடமோ சமையலறைப் பக்கத்தில் ஒரு அலமாரி. பத்தடிக்குப் பத்தடி அறையில் கொசு வரும் என்று ஜன்னலைச் சாத்தியிருப்போம். காற்றாடி தூபத்தை அணைத்துவிடும் என்று அதையும் நிறுத்திவிடுவோம். பழைய ஓட்டு வீட்டில் ஓட்டுச் சந்து வழியாகப் புகை தானே போய்விடும். கான்கிரீட் வீட்டில் போக வழி இல்லை. பழக்கம் பழைய வீட்டுக்கு ஏற்றது, வீடு மட்டும் மாறிவிட்டது.

புகையில் இருக்கிற துகள்களில் மிக நுண்ணியவற்றை பி.எம். 2.5 என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. மூக்கு முடியிலோ தொண்டையிலோ தங்காமல் நேரே நுரையீரலின் அடி வரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக இது 15 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. நம் நாட்டு அளவு 60. சாத்திய அறைக்குள் ஊதுவத்தியோ சாம்பிராணியோ எரிகிற நேரத்தில் இந்த அளவெல்லாம் எளிதாகத் தாண்டிவிடுகிறது. கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது என்றால் உடம்பு நமக்குச் சொல்கிறது என்று அர்த்தம்.

சிங்கப்பூரில் சீன வம்சாவளியினர் 61,320 பேரை 1993 முதல் 1998 வரை சேர்த்துப் பல வருஷம் கவனித்து வந்தார்கள். அவர்கள் வீடுகளிலும் நம்மைப் போலவே தினமும் ஊதுவத்தி உண்டு. 2008-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? நெடுங்காலம் வீட்டில் ஊதுவத்தி எரித்தவர்களுக்கு வாய், நாக்கு, குரல்வளை போன்ற இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். நுரையீரல் புற்றுநோயை மொத்தமாகப் பார்த்தால் கூடவில்லை. அதில் ஒரு வகை மட்டும் கூடியிருந்தது. இதைக் கேட்டு யாரும் அரண்டுபோக வேண்டாம். வெள்ளிக்கு வெள்ளி ஒரு வத்தி ஏற்றுவதையும் காலையும் மாலையும் கட்டுக் கட்டாகக் கொளுத்துவதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ஆனால் அளவு ஒன்று உண்டு என்பதை மறக்கவும் கூடாது.

தைவான் நாட்டுத் தலைநகர் தைப்பேயில் ஷிங்தியன் கோயில் என்று கூட்டம் அலைமோதும் கோயில் ஒன்று. 2014 ஆகஸ்டு மாதம் அங்கே ஊதுவத்தி ஏற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். கும்பிட வருகிறவர்களின் உடம்புக்கு நல்லதில்லை, சுத்தமான மனசோடு கைகூப்பினால் போதும் என்பது கோயில்காரர்கள் சொன்ன காரணம். தூபம் நின்றாலும் சாமி கும்பிட ஜனங்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஊதுவத்திக்குள் என்ன இருக்கிறது?

ஊதுவத்தி, அகர்பத்தி என்கிறோம். அகர் என்றால் அகில். அகில் புகையில் கூந்தல் உலர்த்திய பெண்களைச் சங்க காலத்திலேயே பாடியிருக்கிறார்கள். ஆனால் அகில் மரம் இன்று அருகிவிட்டது. 1995 முதலே அதன் உலக வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் இன்றைய அகர்பத்தியில் அகில் பெயரில்தான் இருக்கிறது.

மூங்கில் குச்சி, கரித்தூள், மரத்தூள், ஒட்டுவதற்கு 'ஜிகட்' என்கிற மரப்பட்டைத் தூள், இவற்றைப் பிசைந்து உருட்டியது ஊதுவத்தி. இதற்குப் பேர்போனவை மைசூரும் பெங்களூரும். மைசூர் அகர்பத்திக்கு 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கர்நாடகத்தில் எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தே வத்தி உருட்டிக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். இப்போது மெஷினும் வந்துவிட்டது. உருட்டிய வெறும் வத்தியை வாசனை எண்ணெயில் தோய்த்துக் காய வைப்பார்கள். அந்த எண்ணெயை நீர்க்கச் செய்ய ரசாயனத் திரவங்களும் சேர்ப்பதுண்டு. சந்தனக் கட்டை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிறது. அப்படியிருக்க, பத்து ரூபாய்க் கட்டில் உள்ள 'சந்தன' வத்தியில் உண்மைச் சந்தனம் எவ்வளவு இருக்க முடியும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கப் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று வருவதும் இப்படித்தான். தணல் போடுகிற வேலை மிச்சம் என்பது சரி. ஆனால் அதில் எரிவது சாம்பிராணி மட்டும் இல்லை. கூடவே கரித்தூளும் எரிகிறது, மற்ற சேர்மானங்களும் எரிகின்றன.

சூடம் கல்கண்டு இல்லை

இனி நான் சொல்லப் போவதைச் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுத் தாய்மார்கள் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

பழங்காலத்தில் கற்பூரம் மரத்திலிருந்து வந்தது. சீனா, ஜப்பான், தைவான் பக்கத்துக் கற்பூர மரம் ஒன்று. சுமத்ரா, போர்னியோ காடுகளில் மரத்தின் உள்ளேயே படிகமாக உறையும் பச்சைக் கற்பூரம் இன்னொன்று. இன்று நாம் கொளுத்தும் சூடம் பெரும்பாலும் தொழிற்சாலையில் உருவாவது. பைன் மரத்திலிருந்து எடுக்கிற டர்பன்டைன் எண்ணெய்தான் அதற்கு மூலப்பொருள். பெயிண்ட் அடிக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அதே டர்பன்டைன்.

போன வருஷம் ஆடி வெள்ளியன்று எங்கள் தெருவில் நடந்தது. ஒன்றரை வயசுப் பையன். பூஜை அலமாரியின் கீழ்த் தட்டில் சூடம் டப்பா திறந்திருந்தது. வெள்ளை வெளேரென்று கல்கண்டு மாதிரி இருக்கிறதே என்று எடுத்து வாயில் போட்டுவிட்டான். பாட்டி பார்த்து விரலை விட்டுத் துப்ப வைத்தார். கொஞ்சம் உள்ளே போய்விட்டது. "சாமிக்கு வெச்சதுதானே, ஒண்ணும் பண்ணாது. உப்புத் தண்ணி குடுத்தா வாந்தி எடுத்துரும்" என்று டம்ளரோடு வந்தார் அவர். அந்த வீட்டு மருமகள் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, வாயெல்லாம் சூடம் வாசனை அடிக்குது, என்னக்கா பண்றது?" என்று அழுதாள். "தண்ணி ஒண்ணும் குடுக்க வேண்டாம், டப்பாவையும் கையில எடு, கெளம்பு" என்று ஆட்டோ பிடித்தோம். பாதி வழியிலேயே குழந்தைக்குப் பிட்ஸ் வந்துவிட்டது. அவள் மடியில் அது வெட்டி வெட்டி இழுத்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஆஸ்பத்திரியில் உடனே கவனித்தார்கள். இரண்டு நாளில் பையன் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான். அங்கிருந்த குழந்தை டாக்டரம்மா சொன்னது இது: "சூடம் சாப்பிட்டால் அஞ்சு பத்து நிமிஷத்திலேயே வலிப்பு வரலாம். ஒண்ணரை மணி நேரம் கழிச்சும் வரலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராமே உயிருக்கு ஆபத்து. வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி எடுக்கும்போது வலிப்பு வந்தா மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும். நேரா ஆஸ்பத்திரிதான்."

இன்னொன்றும் சொன்னார். குழந்தைக்குச் சளி என்றால் தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறோம் அல்லவா? இரண்டு வயசுக்குட்பட்ட குழந்தைக்கு அது கூடவே கூடாதாம். தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் கற்பூரம் உள்ளே போகும். சூடத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதும், கழுத்தில் கட்டுவதும் வேண்டாம் என்றார். அமெரிக்காவில் 1980-களிலேயே மருந்துத் தைலங்களில் கற்பூரம் 11 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு வைத்துவிட்டதாம். பச்சைக் கற்பூரமும் இதேபோல் ஆபத்துதான். கோயில் தீர்த்தத்தில் இருப்பது கடுகிலும் கடுகு. டப்பாவிலிருந்து எடுத்துத் தின்பது வேறு.

"உங்க பையனையும் இப்படித்தான் வளர்த்தேன்"

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பேரன் பிறந்து பதினைந்தாம் நாள். தலைக்குக் குளிப்பாட்டியதும் என் மாமியார் தணலில் சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திப் புகை காட்டத் தயாரானார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பேறுகாலம் பார்த்த டாக்டர் புகையே ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அத்தை, டாக்டரு வேண்டாங்கறாங்களே" என்றேன் மெதுவாக.

"ஏம்மா, உன் வீட்டுக்காரனையும் நான் இப்படித்தான் வளர்த்தேன். சளி புடிச்சா கெடந்தான்? நல்லாத்தானே இருக்கான்!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்து ஓட்டு வீட்டில், மழை நாளில், குழந்தையின் தலை ஈரம் காயவும் கொசு அண்டாமல் இருக்கவும் தணலும் புகையும் உதவின. ஆனால் பெரியவர்கள் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 40 முதல் 60 தடவை விடுகிறது. நாம் ஒரு மடங்கு புகை இழுத்தால் அதன் உடம்பு அளவுக்கு அது பல மடங்கு இழுக்கிறது. அதன் மூச்சுக் குழாயோ மிகவும் சன்னம். சாத்திய அறையில் கரித்தணல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சாம்பிராணி மணத்தில் நமக்குத் தெரியவே தெரியாது.

இதையெல்லாம் பாடம் மாதிரி ஒப்பித்தால் வயசானவர்கள் கேட்பார்களா? மனசுதான் புண்படும். நான் வாதாடவில்லை. அன்றைக்கு என் மாமனாரே பதில் சொல்லிவிட்டார். உள்ளறையில் படுத்திருந்தவர் புகை எட்டியதும் இரும ஆரம்பித்தார். இரும, இரும, மூச்சு இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மாமியார் தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். கட்டிலில் கிழவர், தொட்டிலில் குழந்தை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தூபக்காலைத் திண்ணைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

குழந்தையின் தலையைப் பழைய மல் வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, வெயில் விழும் இடத்தில் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தோம். நன்றாகவே காய்ந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமைத் தூபம்? அதை விட அவருக்கு மனசு வரவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரியிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "வூட்ல முடியாதவங்க இருக்கறப்ப அம்மனுக்குப் பூ வெச்சாலே போதுங்கம்மா. அவ புகையா கேட்டா?" என்று அவர் சொல்லிவிட்டாராம். அதன் பிறகு வழியை அவரேதான் கண்டுபிடித்தார். சாமி அலமாரிக்கு நேர் எதிரே வாசல். வாசல் படிக்கு வெளியே நின்று, ஒரு சிட்டிகை சாம்பிராணி மட்டும் தணலில் போட்டு, அங்கிருந்தே சாமிக்கு மூன்று சுற்றுக் காட்டிவிட்டுத் திண்ணையிலேயே ஆறவிடுவார். உள்ளே இழைத்த சந்தனமும் கதம்பமும் மணக்கும். தூபம் காட்டியாயிற்று என்று அவருக்கும் திருப்தி, மாமனாருக்கும் இருமல் இல்லை.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

சந்தனக்கல்லில் இரண்டு சுற்று இழைத்து வையுங்கள். கட்டை வாங்க வசதி இல்லாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். பூவுக்கு நம் ஊரில் என்ன குறைச்சல்? மல்லிகை, மரிக்கொழுந்து, துளசி, இவற்றில் ஒரு முழம் அறை முழுக்க மணக்கும். பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழும் இரண்டு ஏலக்காயும் போட்டு வைத்தால் மறுநாள் காலை வரை நிற்கும். பன்னீர் நாலு சொட்டுத் தெளித்தாலும் போதும். தினமும் தண்ணீரை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

ஊதுவத்தி ஏற்றினால் ஒன்று போதும். ஜன்னலைத் திறந்து வைத்து ஏற்றுங்கள். பூஜை முடிந்ததும் நுனியை மணலில் குத்தி அணைத்துவிடலாம். கடைசி வரை எரிந்தாக வேண்டும் என்று இல்லை.

கைக்குழந்தை, கர்ப்பிணி, இழுப்பு நோயாளி இருக்கிற அறையில் தூபமே வேண்டாம். அவர்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுத் தூபம் போட்டாலும், புகை முழுக்கக் கலைந்த பிறகே திரும்ப அழைத்து வாருங்கள்.

கரித்தணலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. படுக்கை அறையில் இரவு முழுக்கத் தணல் வைப்பது உயிருக்கே ஆபத்து.

சூடம், பச்சைக் கற்பூரம், அந்துருண்டை மூன்றையும் குழந்தை கைக்கு எட்டாத மேல் தட்டில், மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். கல்கண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். தட்டில் சூடம் மீந்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குழந்தை தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால்கூட வாந்திக்கு எதுவும் கொடுக்காமல், டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சூட ஆரத்தி காட்டும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நைலான், பாலியெஸ்டர் புடவையில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சூடத்துக்குப் பதில் நெய்த் திரி ஏற்றியும் ஆரத்தி காட்டலாம்.

பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். "தூபம் போடாதீங்க" என்பதைவிட, "இன்னிக்கு நான் சந்தனம் இழைச்சுத் தர்றேன் அத்தை, நீங்க சாத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள். உபசாரம் ஒன்று போனால் இன்னொன்று கையில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் மனசும் நோகாது.

என் பேரன் இப்போது தத்தித் தத்தி நடக்கிறான். கொள்ளுப்பாட்டி சாத்துகிற பூவில் ஒன்றைப் பிய்த்து மூக்கில் வைத்து "ம்ம்ம்" என்று இழுப்பதுதான் அவனுக்கு பூஜை. புகையில்லாத வாசனை முறைகள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் எத்தனையோ இருக்கும். கேட்டு எழுதுங்கள் சகோதரிகளே, மற்றவர்களுக்கும் பயன்படும்.